பூட்ஸில் ஒட்டிய மண்

நேற்று பரணைக் கூட்டும்போது மச்சானின் பூட்ஸிலிருந்து சுண்டைக்காய் அளவு மண் உதிர்ந்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தேன். அது எங்கள் ஜவ்வாது மலை மண் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடல் தாண்டி வந்தது.

மச்சான் என் அத்தை மகன். எங்கள் ஊர் கால்பந்து அணியில் நான் கோல்கீப்பர், அவன் கோல் போடுகிறவன். அம்மன் கோயில் முன்னால் இருந்த வெளிதான் எங்கள் மைதானம். அங்கே செருப்புக் கால் படக்கூடாது. அதனால் பிறந்ததிலிருந்து வெறுங்காலில்தான் ஆடினோம். ஆலங்காயம் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வாணியம்பாடித் தோல் வியாபாரி பாய் ஒருவர் எங்களைத் தேடி மலையேறி வந்தார். அவரிடம் தோல் வாங்கும் வெள்ளைக்காரரின் ஊர் கிளப் ஒன்று, வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்து ஆடவிட்டுப் பார்க்கிறதாம். தேறினால் அங்கேயே சேர்த்துக்கொள்வார்களாம். பயிற்சியாளரே வாணியம்பாடிக்கு வருகிறார், அவருக்குப் பிடித்தால் விமானம்தான் என்றார். எங்களுக்குச் சோறு இறங்கவில்லை! பாய் தன் பட்டறையிலேயே அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். புளியந்தோப்பில் ஒரு மாதம் போட்டுப் பழகினான்.

பயிற்சியாளர் வந்த அன்று என்ன ஆயிற்று தெரியுமா? விசில் ஊதும் நேரத்தில் கோட்டருகே குனிந்தான், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடினான்! திரும்பிப் பார்த்தால் எங்கள் ஆட்கள் மற்ற பத்துப் பேரின் செருப்பும் கோயில் வாசல் மாதிரி அங்கே வரிசையாகக் கிடக்கிறது. பழக்கத்தில் கழற்றிவிட்டோம் என்று எவனுக்கும் உறைக்கவில்லை. வெறுங்காலில் இரண்டு கோல் போட்டான், மகராசன். ஆனால் பயிற்சியாளர் கையை ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

"தம்பி, பூட்ஸ் போட்டுக்குனு ஆடணும்ன்றாரு. வெறுங்காலுன்னா அங்க சேத்துக்க மாட்டாங்களாம். பத்து நிமிஷம் டைம் தர்றாரு" என்றார் பாய்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தவன் கோட்டருகே கல்லாக நின்றுவிட்டான். "பூட்ஸோட காலு கோட்டுக்கு உள்ள போவ மாட்டேங்குதுடா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"டேய் மச்சான், இது கோயிலு இல்லடா, வாணியம்பாடி! போடா உள்ள!"

மைதானமே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை உள்ளே வைத்தான். எட்டாவது நிமிஷம், நடு மைதானத்திலிருந்து அடித்தான் பாருங்கள், வலை கிழியாத குறை. பயிற்சியாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அன்று பஸ் கூரைமேல் ஆடிக்கொண்டே ஊர் திரும்பினோம்.

விமானமேறிப் போனவனை அங்கே மூன்று வாரம் ஆடவிட்டுப் பார்த்தார்கள். தேறவில்லை. திரும்பி வந்தவன் எங்கள் மைதானத்தின் ஓரத்தில் பூட்ஸைக் கழற்றினான். அடியில் கரிய மண் அப்பியிருந்தது. நான் குச்சியால் சுரண்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும்டா. அங்க போய் ஆடிட்டு வந்தேன்றதுக்கு என்கிட்ட வேற இன்னா இருக்குது?"

தன் வீட்டில் இருந்தால் தம்பிகள் போட்டுத் தேய்த்துவிடுவார்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டான்.

நேற்று மண் உதிர்ந்ததை, இப்போது வெளியூரில் இருக்கும் அவனுக்குப் போனில் சொன்னேன். "வர்றேன் இரு" என்றவன் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டான். பருத்துப்போன காலைப் பாதிதான் நுழைக்க முடிந்தது. பூட்ஸோடு என் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான், மிச்ச மண்ணும் உதிர்ந்துவிடாதபடி இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு.