தாழாத பெட்டி

டென்மார்க்கில் கண்டெடுத்த பொருளைத் தாமதமின்றிப் பொலிசிடம் ஒப்படைக்க வேண்டும். பிற்காலத்தில் நகரசபை மேசைக்குப் பின்னாலிருந்து இந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அப்படியொரு பொருள் இரண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்தது.

1985 இலையுதிர்காலம். ஹோர்சன்ஸ் நகரில் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்களோடு இருந்த, அம்மாவின் தம்பியான மாமா, யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். வானில் சுற்றியபடி படமெடுக்கும் உளவுச் செய்மதிகளைப் பற்றி அவர் சொன்ன கதையில்தான் எல்லாம் தொடங்கியது.

"மேல படமெடுத்த பிலிமை ஒரு வாளிக்குள்ள அடைச்சுக் கீழ விடுவாங்கள். பரசூட்டில இறங்கேக்க விமானம் கொக்கி போட்டுப் பிடிக்கும். தவறிக் கடலில விழுந்தா, வாளியில உப்பால செய்த அடைப்பு ஒண்டு இருக்கு. அது கரைய, தண்ணி உள்ள போய் வாளி கடலடிக்குத் தாண்டுபோம். பிறத்தியாற்ர கையில படம் சிக்கப்படாதெல்லோ!"

சில நாட்களில், கடலேரிக்கரையில் சிவப்புப் பரசூட்டோடு ஒரு வெள்ளைப் பெட்டியைக் கண்டேன். பாராட்டை எதிர்பார்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"எடி, இதை எங்கயடி எடுத்தனி?" அம்மா ஓடிப்போய்த் திரைச்சீலையை மூடினார். மாமாவின் முகம் வெளிறிப்போனது.

பெட்டியில் டேனிஷில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்: வானிலை அளக்கும் கருவி, ஆபத்தில்லை, கண்டவர் இந்த விலாசத்துக்கு அறிவிக்கவும்.

"உளவுப் பெட்டியில உளவுப் பெட்டி எண்டே எழுதுவாங்கள்?" என்றார் மாமா.

பொலிசில் கொடுத்துவிடலாமே என்று அப்பா இழுத்தார்.

"குடுத்துப்போட்டு? ஆர் தந்தது, ஆருக்குக் கொண்டுபோறியள் எண்டு துவங்குவாங்கள். பிள்ளையளோட ஊருக்குத் திருப்பி ஏத்திவிடுவாங்கள். அத்தான், நான் இன்னொருக்கா அந்த விசாரணைக் கதிரையில இருக்கமாட்டன்" என்றார் மாமா.

மூன்றாம் நாள் பின்னேரம் மாமா, செய்மதி வாளியைப் போலவே இதையும் கடலில் தாழ்த்துவதென்று முடிவெடுத்தார். நானும் கூடப் போனேன். பெட்டியோ தண்ணீரில் மிதக்கும் ரெஜிபோம் நுரையால் செய்தது. எறிந்தார், அது மரியாதையாக அவர் காலடிக்கே திரும்பி வந்தது. கல்லைக் கட்டினார், கல் மட்டும் தாழ்ந்தது. கடைசியில் காலிலிருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி, இரு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கரையில் சைக்கிளில் போன ஒரு கிழவர் கையசைத்தார். மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். பெட்டி அவருக்குப் பக்கத்தில் துள்ளி மேலே வந்தது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா கைகளை இறக்கவேயில்லை. அப்போதுதான் எனக்கும் பயம் பிடித்தது.

அன்றிரவே, பாடமாக்கி வைத்திருந்த விலாசத்துக்கு ரகசியமாக எழுதினேன்: பெட்டியைக் கடலில் விட்டுவிட்டோம், நாங்கள் உளவாளிகள் இல்லை, தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். தபாலில் போட்ட பிறகுதான், எங்கள் விலாசத்தையும் எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் கதவிலுள்ள தபால் வாய் அசையும்போதெல்லாம் மற்றவர்களுக்கு முந்தி நானே ஓடினேன்.

பதில் வந்தது. மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்: பெட்டியின் வேலை முடிந்துவிட்டது, திரும்பத் தேவையில்லை, எழுதியதற்கு நன்றி. எங்கள் விண்ணப்பத்துக்கு அதனால் ஒரு கேடும் வரவில்லை.

"கையெழுத்து வைச்சிருக்கினமோ?" என்று கேட்டார் மாமா. என்னை ஏசுவார் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் இராணுவம் அவருடைய பிலிம் சுருளோடு, அதைக் கழுவக் கொண்டுபோன நண்பரையும் பிடித்துச் சென்றது என்பதோ, நண்பர் எங்கே என்று கேட்டு அவர் அதிகாரிகளுக்கு எழுதிய எதற்கும் பதில் வரவில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் வேண்டாத ஒரு பெட்டியைப் பற்றிய கடிதத்தை எடுத்து, அதிலிருந்த தேதியை அவர் ஏன் விரலால் தடவிக்கொண்டிருந்தார் என்று அன்று விளங்கவில்லை. 1986 மார்ச் 11.