பதினொரு விநாடி ஜெபம்

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் எனக்கு ஒரே வேலை. ஒரு கடைசல் எந்திரக்காரர் ஒரு இரும்புத் துண்டை மாட்டிக் கழற்ற எத்தனை விநாடி எடுக்கிறார் என்று ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பது. கடிகாரத்தைக் கண்ணில் காட்டினால் மனிதனின் வேகம் மாறிவிடும். அந்த வேலையின் முதல் பாடம் இது. அதனால் சட்டைப்பைக்குள் வைத்தே அமுக்குவேன். ஒரே ஒரு நாள் அதை மறந்தேன். நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

எண்பதுகளின் நடுவில் இலங்கையிலிருந்து, சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஒருவர் தன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மௌலா அலியில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. அவர் ஊரில் ராணுவத்தின் ஷெல் விழுந்து, பள்ளிக்கூடத்துக்குள் இருந்த மகள் இறந்துவிட்டாள். அப்போது செகந்திராபாத் சபைகள் சில சேர்ந்து ஒரு விசாரணைக் குழு அமைத்திருந்தன. அகதிகளின் சாட்சியங்களைத் தொகுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். தலைவர் ஓய்வுபெற்ற ஜில்லா நீதிபதி. கேள்வி கேட்பவர் ஒரு வக்கீல். உபதேசியார் அவர்களிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்: பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் சுட்டார்கள் என்று எழுத வேண்டும்.

அவரை நான்தான் வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

"நாளைக்குப் போர்க்குற்ற நீதிமன்றம்னு ஒண்ணு உக்காந்தா, எங்க விழுந்துச்சுன்னு மட்டும் கேட்டு விட்டுடாது. எதைக் குறிபார்த்தாங்கன்னு கேக்கும்" என்றார் வக்கீல். "பக்கத்துல ஆயுதக்காரங்க முகாம் இருந்துச்சாமே. அதுக்கு விட்டது தவறி ஸ்கூல்ல விழுந்துச்சும்பாங்க. குறியை அசைக்காம ஒரே இடத்துக்கு அடிச்சாங்கன்னு காட்டணும். என்ன வச்சிருக்கீங்க?"

உபதேசியார் யோசித்துச் சொன்னார். "தூரத்தில ஷெல் அடிக்கிற 'தும்' எண்ட சத்தம் கேட்டவுடன கட்டிலுக்குக் கீழ போய்ப் பரமண்டல ஜெபம் சொல்லத் தொடங்குவம் ஐயா. எங்களுக்கு ஆகாரம் தாரும் எண்டு கேக்கிற வரியில பள்ளிக்கூடப் பக்கம் வந்து விழும். நாப்பத்தொரு ஷெல். முப்பத்தெட்டு அந்த வரியிலதான்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஹவ், ஆமா, இது பாயிண்ட். குறி அசைஞ்சா, சத்தத்துக்கும் விழறதுக்கும் நடுவுல உள்ள நேரமும் அசையும். ஆனா இவர் ஒவ்வொரு வாட்டியும் ஒரே வேகத்துல சொல்றாரான்னு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். ஒரு வாரம் அவரை மாலைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். பேச்சோடு பேச்சாக ஜெபத்தைச் சொல்லச் சொன்னேன். வாட்ச் பைக்குள் இருந்தது. ஏழு நாள், ஏழு தடவை. ஆகாரம் கேட்கும் வரிக்கு வந்து சேரப் பதினொரு விநாடி. கூடினால் அரை விநாடி, குறைந்தால் அரை விநாடி. எங்கள் கடைசல் எந்திரங்கள்கூட அவ்வளவு சீராக ஓடியதில்லை.

குழு கூடிய சனிக்கிழமை சபை மண்டபத்தில் பதினான்கு பேர், மூன்று தட்டு சமோசா. நீதிபதி வாட்சைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்து மேஜைமேல் வைத்தேன். வைத்த கை என்னுடையது.

உபதேசியார் தொடங்கினார். முதல் வார்த்தை காதில் விழுந்ததும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. பதினான்கு பேரும் எழுந்து கண்ணை மூடிச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த ஜெபத்தை ஒருவர் தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு உட்கார எங்கள் ஜனத்துக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இழுவை. அவரும் அதோடு இழுபட்டுப் போனார். அந்த வரிக்கு வரப் பத்தொன்பது விநாடி. ஆமென் சொல்லி உட்கார்ந்து ஆளுக்கொரு சமோசா எடுத்தார்கள்.

"யாரும் கூடச் சொல்லாதீங்க" என்றார் வக்கீல். இரண்டாம் தடவை உபதேசியார் கண் முள்ளின் மேலேயே இருந்தது. பதினைந்து. மூன்றாம் தடவை பயந்து ஓட்டினார். ஒன்பது.

"இதுல எதை எழுதிக்கட்டும்?" என்றார் நீதிபதி. யாரோ சிரித்தார்கள்.

"எங்க வீட்ல ஏழு தடவை பார்த்தேன் சார். பதினொண்ணுதான்" என்றேன்.

"உங்க வீட்ல சாட்சி யாரு?"

"நக்கோ சார், வேணாம், விடுங்க. கோர்ட்ல நிக்காது" என்று வக்கீல் என் தோளைத் தட்டினார். விரலில் எண்ணெய். அந்தச் சட்டையை நான் மறுபடி போடவில்லை.

அறிக்கையில் என்ன போடுவது என்பதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொன்னார் நீதிபதி: குறி தவறியிருக்கவும் கூடும்.

"அப்ப என்ர பிள்ளை தவறிச் செத்ததோ?" என்று கேட்டார் உபதேசியார். பதினான்கு பேர் இருந்தார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். என்னைச் சேர்த்தால் பதினைந்து.

ஒன்பதாம் நாள் அவர் திருச்சிக்குக் கிளம்பினார். மௌலா அலி ஸ்டேஷனில், பட்டப்பகலில், தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். தூரத்து யார்டில் கூட்ஸ் வண்டிகளை மோதிச் சேர்த்தார்கள். 'தும்' என்றது. சப்பாத்தி பிடித்த கை அப்படியே நின்றது. உதடுகள் அசைந்தன. என் கட்டைவிரல் தானாகப் பைக்குள் போய் அமுக்கியது. கொஞ்ச நேரத்தில் அவர் தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டார். மறுபடி அமுக்கினேன். பிறகு அவர் தின்ன ஆரம்பித்தார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

பதினொன்று.

ரயிலேற்றிவிட்டு நேராக நீதிபதி வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அறிக்கை இன்னும் தபாலில் சேரவில்லை. அவர் மேஜைமேல்தான் கிடந்தது.

உறையைத் திருப்பிக் காட்டினார். "ஒட்டியாச்சே" என்றார்.

ஏழு ஸ்டாம்பு.