புல்லுக்குப் போட்ட உரம்

தேயிலை மலையில் புல் பிடுங்கிப் பிடுங்கியே என் அம்மாவுக்கு இடுப்பு போனது. அவள் பெற்ற பிள்ளை நான் வாத்தியாராகி, தலவாக்கலைக்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலேயே ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்டி, முதல் வேலையாகப் புல் நட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாப் புல்தரையைச் சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனுக்கு அந்த ஆசை லேசில் தீராது.

வீட்டுக்கு நேர் கீழே பீலி. மலை ஊற்றைக் குழாய் வைத்து ஒரு திறந்த சிமெந்துத் தொட்டியில் விழ வைத்திருக்கிறார்கள். லயத்துச் சனம் குடிப்பதும் ஆக்குவதும் அந்தத் தண்ணீரில்தான். என் அக்கா இன்னமும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள், இன்னமும் கொழுந்து எடுக்கிறாள். எனக்கு மட்டும் வேறு பக்கத்திலிருந்து பைப் தண்ணீர். அந்த வசதியில் கீழே ஒரு பீலி இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மார்கழிப் பனியில் புல் மஞ்சளடித்தது. தேயிலைக்குப் போடுகிற உரம் புல்லுக்கு ஆகாதா என்ன? ஒரு மூட்டை வாங்கி வந்தேன்.

"மழை இருட்டிக்கிட்டு நிக்குதுங்க. விட்ட பெறகு போடுங்களேன்" என்றாள் மனைவி.

"மழை பெஞ்சாத்தான் ஒரம் கரையும். ஒனக்கு என்ன தெரியும்?"

அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். அவளுக்குத் தெரியாதாம், கரும்பலகையில் சோக்கட்டி பிடித்த எனக்குத் தெரியுமாம்! கை கையாக அள்ளி விசிறினேன். புல்லில் தண்ணீர் தேங்கக் கூடாதென்று நேர் கீழே ஒரு வடிகான் வேறு ஏற்கனவே வெட்டி வைத்திருந்தேன். பின்னேரம் மழை கொட்டியது, உரமும் கரைந்தது. கரைந்து எங்கே போனது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாரம் எட்டாம் வகுப்புக்கு நீர் மாசடைதல் பாடம் எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன்.

இரண்டு வாரத்தில் பீலித் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. தண்ணீரில் வாடை. லயத்துச் சனம் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைப் பீலிக்கு ஏறியது. முட்டி தேய்ந்த அக்காவும் ஏறினாள். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் ஆட்களோடு வந்தார். "தொரை ஆளுங்க மேல் மலைத் தேயிலைக்கு ஒரம் போட்டு நம்ம தண்ணிய நாசம் பண்ணிட்டாங்க சேர். தொரைக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்க. நீங்க எழுதினத வாசிச்சா தொரைக்குக் கை நடுங்கணும்."

எழுதினேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. 'மேட்டில் இருப்பவர், பள்ளத்தில் இருப்பவர் குடிக்கும் தண்ணீரை ஒரு நாளாவது குடித்துப் பார்த்ததுண்டா?' என்ற வரியை மனைவிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் எல்லார் முன்னாலும் வாசித்துக் கையெழுத்து வாங்குவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் அக்கா வாசலில் நின்றாள். தொட்டி கழுவப் போனவள், பாசி வந்த வழியைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறியிருக்கிறாள். கானோரம் நான் வீசிய உரச் சாக்கு அவள் கையில்.

"இந்தக் கானை வெட்டுனது யாருடா?"

"நான்தாங்கா."

"மலையில எவனாச்சும் கானை நேரா கீழ எறக்குவானா? குறுக்கால வெட்டித்தான தண்ணிய மெதுவா நடக்க விடுவாங்க! அடமழைக்கு முன்னால எவனாச்சும் ஒரம் போடுவானா? அம்மா இருந்திருந்தா மம்பட்டிக் காம்பாலயே போட்டிருப்பா."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அப்போதும் புத்தி போன போக்கைப் பாருங்கள். "யாருக்கும் தெரிய வேணாங்கா. கானை இப்பவே அடைச்சிர்றேன், தொட்டியையும் நானே கழுவுறேன். பழி தொரை மேலயே இருந்துட்டுப் போகட்டும். அவங்க செய்யாத அநியாயமா?"

"தொரை செஞ்சத தொரைய கேப்போம். இது நீ செஞ்சது. பெட்டிசத்துல தொரைன்னு இருக்கிற எடத்துலயெல்லாம் ஒன் பேர எழுதி நாளைக்கு வாசி. நீ வாசிக்கலன்னா நான் சாக்கோட வர்றேன்."

அன்றைக்கே கானை அடைத்தேன். புல்தரையின் கீழோரத்தைக் கொத்திப்போட்டு மானாப்புல் நட்டேன். தண்ணீரை வடிகட்ட அதைவிட நல்ல வேலி கிடையாது. தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து விரல் தோல் உரிந்தது. மறுநாள் பீலியடியில் நின்று, தொரை இருந்த இடத்திலெல்லாம் என் பேரைப் போட்டு வாசித்தேன். முதல் வரியிலேயே சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. நான் பெருமைப்பட்ட அந்த வரி வந்ததும் முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தேன்.

"சேர்," என்றார் தலைவர், "அந்த வரி பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொருக்கா வாசிங்க."

'பள்ளத்தில் இருப்பவர் குடிக்கும் தண்ணீரை ஒரு நாளாவது குடித்துப் பார்த்ததுண்டா?' என்று சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் அக்கா தொட்டியில் ஒரு செம்பு முகந்து என்னிடம் நீட்டினாள்.