தொப்புள்கொடி வழியே ஏறிய இரத்தம்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்த இந்திராதேவிக்கு, 2005ஆம் ஆண்டு, முப்பத்தைந்து வயதில் மறுபடியும் வயிற்றில் பிள்ளை தங்கியது. வீட்டில் சந்தோசத்தைவிடப் பயமே கூடுதலாக இருந்தது. அவளுடைய இரத்தம் நெகட்டிவ். கணவன் சண்முகலிங்கத்தினுடையது பொசிட்டிவ். மூத்தவள் சாருஜா வன்னியில், இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்தபோது, தாய்க்கு உடனே போட வேண்டிய ஊசிமருந்து கிடைக்கவில்லை. அடுத்த பிள்ளையின் இரத்தத்தை இந்திராதேவியின் உடம்பே பகையாக நினைத்து அழித்துவிட்டது. ஏழாம் மாதத்தில் அது வயிற்றிலேயே இறந்துபோனது.

இந்த முறை ஆறாம் மாதத்தில் ஸ்கான் பார்த்த டொக்டர் கத்தரின், பிள்ளைக்கு இரத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் வைத்தே ஏற்ற வேண்டும் என்றார். பிரெஞ்சில் கேட்டதைச் சண்முகலிங்கம் மனைவிக்குத் தமிழில் சொன்னான்.

"தொப்புள்கொடிக்குள்ள ஊசி விடப்போறாவாம். எனக்குப் பயமாக் கிடக்கு இந்திரா. வேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"சும்மா இருந்தா இதும் போயிடுமப்பா. ஒண்டு மட்டும் கேளுங்கோ. ஊசி உள்ளுக்க நிக்கேக்க பிள்ளை துள்ளினா என்ன செய்வா?"

கத்தரின் சிரித்தார். பிள்ளை அசையாமல் இருக்க முதலில் அதற்கொரு மருந்து கொடுப்போம், இதை நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன் என்றார். இந்திராதேவி அவருடைய கைகளைப் பார்த்தாள். நகம் ஒட்ட வெட்டிய, பதற்றமில்லாத கைகள்.

"ஓமெண்டு சொல்லுங்கோ."

முதல் தடவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் தடவை பாதியில் பிள்ளையின் இதயத் துடிப்பு விழுந்தது. கத்தரின் ஊசியை உருவி எடுத்தார். சண்முகலிங்கம் வெளியே போய் நின்று அழுதான். இந்திராதேவி இடப்பக்கம் சரிந்து படுத்தபடி ஸ்கான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடிப்பு மெல்ல மெல்ல ஏறி வந்தது. இரண்டு நாள் கழித்துத் தானாகவே போய் அதே கட்டிலில் படுத்தாள். பிறகு இன்னும் இரண்டு தடவை ஏற்றினார்கள்.

முப்பத்தாறாம் கிழமை மகன் பிறந்தான். உடம்பெல்லாம் மஞ்சள், ஆனால் அழுகை வார்டையே நிறைத்தது. பத்து நாள் நீல விளக்கின் கீழ் கிடந்து நிறம் தேறினான்.

வீட்டுக்குப் புறப்படும் நாளில், என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று கத்தரின் கேட்டார்.

"பிரசாந். முதல் ஊசிக்கு முதலே வைச்சாச்செண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

சண்முகலிங்கம் திகைத்துப்போனான். "எனக்குச் சொல்லவே இல்லையே?"

"நீங்கள் அப்ப நடுங்கிக்கொண்டெல்லே நிண்டனீங்கள்," என்றாள் இந்திராதேவி, பிள்ளையின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி.