பூஜையில் வைத்த கீபோர்டு

1. சத்தம் வராத பாட்டு

பாகலூர் ரோட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் கேன்டீனில், ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம், சத்தமே வராத ஒரு பாட்டை ஓடவிட்டேன். டீ குடிக்க வந்த செகண்ட் ஷிப்ட்காரர் ஒருவர் மானிட்டரில் எண்கள் ஓடுவதைப் பார்த்தார்.

"இன்னா ஓடுது?"

"பாட்டு."

"சத்தமே காணோமே."

"நாளைக்குக் காலையில வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ராஜண்ணாவின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். எனக்கு ஊர் நாகரசம்பட்டி. ராஜண்ணா ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். குழுவில் இரண்டு கீபோர்டு, ஒரு ரிதம் பாக்ஸ், பதிந்து வைத்த இசையை ஓட்டும் ஒரு சீக்வென்சர் பெட்டி. எல்லாவற்றையும் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுவிடுவார். விஜயதசமி காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அவர் அப்பா காலத்து வழக்கம்.

ஓசூரில் இது எப்பேர்ப்பட்ட வழக்கம் என்று யோசித்துப் பாருங்கள். தொழிற்பேட்டையில் இருக்கும் அத்தனை கம்பெனியும் ஆர்கெஸ்ட்ரா தேடுவது அந்த ஒரு நாளில்தான். மற்ற குழுக்கள் கேட்டுக்கு கேட் ஓடி வாசிக்கும். நாங்கள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து பொரி தின்போம்.

அந்த வருடம் ராஜண்ணா பெங்களூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார், கூடவே இசை சாஃப்ட்வேர். அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்த சுரம், எவ்வளவு நேரம் என்று கேபிள் வழியாகச் சொல்லும். கீபோர்டு தானாக ஒலிக்கும். விரல் படாமல் கீபோர்டு வாசிப்பதைப் பார்த்ததும் ராஜண்ணாவுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது.

"சேகரு, தொடாம வாசிச்சா தோஷமில்லயே?"

"பிளே பட்டனையாவது அமுக்கணுமே அண்ணா."

"அதை முந்தின நாளே அமுக்கிடு. அப்புறம் பொட்டு வைக்கலாம்."

அதாவது, பாட்டுக்கு முன்னால் ராத்திரி முழுக்கக் காலிப் பார்கள். பார் என்றால் ஒரு தாளச் சுற்று. பழைய சீக்வென்சர் பெட்டி மூன்று இலக்கத்துக்கு மேல் பார் எண்ணாது. சாஃப்ட்வேர் நான்கு இலக்கம் எண்ணும். டெம்போவை, அதாவது தாளத்தின் வேகத்தை, அதுவரைக்கும் ஊர்வலத் தேர்போல மெதுவாக வைத்தால் சரியாகக் காலை பத்து மணிக்குப் பாட்டு தொடங்கும் என்று கணக்குப் போட்டேன். ராஜண்ணா என் தோளில் தட்டினார்.

"இது நடந்துட்டா வருஷா வருஷம் இந்தக் கம்பெனி நமக்குத்தான். ஆனா ஒண்ணு சேகரு. இந்தக் கம்ப்யூட்டர் இருக்கறப்ப இன்னொரு சம்பளம் எதுக்குன்னு வீட்ல கேக்கறாங்க. தீபாவளி வரைக்கும் இரு. அப்புறம் நீ வேற எடம் பாத்துக்க."

என் வேலையைப் பறிக்கும் மெஷினை நானே தயார் செய்ய வேண்டும். வீட்டில் சொன்னேன். "வேணும்னே ஏதாச்சும் தப்பா அடிச்சு வுடுங்க" என்றாள் மனைவி. மனசு வரவில்லை. தப்பாக ஒலித்தால் சேகர் தப்பாக வாசித்தான் என்றுதான் ஊர் சொல்லும். ஒவ்வொரு சுரமாகச் சரி பார்த்தேன்.

2. எல்லாவற்றுக்கும் பொட்டு

நான் போட்ட வரிசை இது: முதலில் நாதஸ்வர டோனில் மங்கள இசை, பிறகு நாலைந்து பக்தி மெட்டுகள், கடைசியில் ஆட்களை உற்சாகப்படுத்த ஒரு குத்து மெட்டு. "எம்.டி. கெளம்பற வரைக்கும் அது ஓடட்டும்" என்று ராஜண்ணா சொன்னதால் அந்தக் கடைசி மெட்டை லூப்பில் போட்டேன். நிறுத்தும் வரை அது முடியாது.

ஆயுத பூஜையன்று காலை பத்துக்கு மங்கள இசை டாண் என்று தொடங்கியது. கேன்டீனில் நானும் ராஜண்ணாவும் மட்டும் இருந்தோம். எம்.டி. பெங்களூரிலிருந்து காரில் வர வேண்டும். எம்.டி. வராமல் தொழிலாளர்கள் உள்ளே வர முடியாது. காலி நாற்காலிகளுக்கு மங்கள இசை ஒலித்தது. பக்தி மெட்டுகளும் ஒலித்து முடிந்தன. குத்து மெட்டு ஆரம்பிக்கும் நேரத்தில் எம்.டி.யின் கார் கேட்டில் நுழைந்தது.

ஐயர் குத்து மெட்டிலேயே மந்திரம் சொன்னார். கற்பூரத் தட்டு தாளத்தோடு சுற்றியது. பின்வரிசையில் நாலு பேர் ஆடத் தொடங்கினார்கள். எம்.டி. மைக்கைப் பிடித்து, "அன்பார்ந்த தொழிலாளர்களே" என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் டோலக் அடி விழுந்தது. கூட்டம் அதற்குக் கைதட்டியது.

"இதன்ன நில்ஸி" என்றார் எம்.டி. கன்னடத்தில். நிறுத்தச் சொல்கிறார்.

ராஜண்ணா கைகூப்பினார். "பூஜையில வச்சது சார். தொடக்கூடாது. நாளைக்குக் காலையில நிறுத்திடறோம்."

எம்.டி. அதட்டவில்லை. போன வருடம் பூஜை போட்ட லேத்தை யாரோ தொட்டதால்தான் ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனது என்று நம்புகிறவர் அவர். எலெக்ட்ரீஷியன் பெருமாளைக் கூப்பிட்டார். "மெயினை ஆஃப் பண்ணுப்பா."

"மெயினுக்கும் பொட்டு வச்சாச்சு சார்."

"இது ஜெனரேட்டர் லைன்தானே? அதை நிறுத்து."

"அதுக்குப் பூசணிக்காயே ஒடைச்சாச்சு சார்."

"ஒயரை வெட்டு."

பெருமாள் சுவரோரமாகக் கையைக் காட்டினார். கட்டிங் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் வாழையிலையில் வரிசையாக, தலைக்கொரு செவ்வந்தியோடு படுத்திருந்தன. ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழிலும், சுவர் ஸ்விட்சிலும், பிளக்கிலும் குங்குமம் இருந்தது. நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் கம்பெனியில், ஒரு பாட்டை நிறுத்த ஒரு பொருள் மிச்சமில்லை.

ராஜண்ணாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அதே நேரம் பயமும் இருந்தது. கம்பெனி கைவிட்டுப் போனால் தீபாவளி வரைகூட என் சம்பளம் வராது.

காப்பாற்றியவர் ஐயர். அவருக்கு இன்னும் மூன்று கம்பெனி பாக்கி. மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மேஜைக்குப் பொட்டு வெக்கலையே? சுவாமியைத் தொடப்படாது, ஆனா தூக்கிண்டு போலாமோல்லியோ? உற்சவராட்டம் ஷெட்டை ஒரு சுத்து சுத்தி வாங்கோ."

எட்டுப் பேர் மேஜையைத் தோளுக்கு ஏற்றினார்கள். கம்ப்யூட்டர், கீபோர்டு, மாலை, எல்லாம் சேர்ந்து எழுந்தது. நாலடி நகர்ந்ததும் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டது. குத்து நின்றது. எம்.டி. கன்னத்தில் போட்டுக்கொண்டார். இருந்தாலும் ஊர்வலம் பாதியில் நிற்கக் கூடாது என்று ஷெட்டை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

3. ஸ்பேஸ்பார்

மறுநாள் மறுபூஜை முடிந்து திரும்பும்போது, டெம்போ வேனில் ராஜண்ணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"நீ போவாத சேகரு."

"கம்ப்யூட்டரு?"

"அதுவும் இருக்கட்டும். நீ வாசிக்கறப்ப, ஐயா வந்துட்டாருன்னு கண்ணைக் காட்டினா நிறுத்துவ. இன்னும் வரலைன்னா இழுப்ப. அதுக்குக் கண்ணு இல்ல. அது வாசிக்கட்டும், நீ பக்கத்துல குந்திக்கினு, நிறுத்துன்னா நிறுத்து."

வேலை நிலைத்தது. அடுத்த வருடம் அதே கம்பெனி எங்களையே கூப்பிட்டது. தொழிலாளர்கள் மேஜை ஊர்வலத்தையும் கேட்டார்கள். கம்ப்யூட்டர் முழுக்கச் சந்தனம் குங்குமம். தட்டினால் பாட்டை நிறுத்தும் ஸ்பேஸ்பாரில் மட்டும் வைக்கவில்லை. பூஜையில் சேராத அந்த ஒரு கட்டையில் விரலை வைத்துக்கொண்டு, நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் வெட்கம், எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அந்த மாதச் சம்பளத்தில்தான் மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினேன்.

ஹார்டுவேர் நல்லதா, சாஃப்ட்வேர் நல்லதா என்று லேப்டாப்பில் இசையமைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். இரண்டும் நல்லதுதான். எது வந்தாலும், முதலில் அதை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு என்னை வாசிப்பதற்காக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. நிறுத்துவதற்காகப் பதினோரு வருடம் வைத்துக்கொண்டார்கள்.