பனியில் கழற்றி வைத்த பூட்ஸ்

கர்த்தர் பெரியவர் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஜனவரியில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நான் மதுரை செல்லூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஒரே மகள் ஜெனி, பெர்லினில் மேற்படிப்பு படிக்கிறாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வகுப்பை அதட்டிப் பழகிய வாய் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. ஜெபத்திலும் அப்படித்தான் இருந்தேன். ஆண்டவருக்கே வீட்டுப்பாடம் கொடுப்பதுபோல, இதைச் செய்யும், அதைச் செய்யும், இந்தத் தேதிக்குள் செய்யும் என்று வரிசையாகச் சொல்வேன்.

எங்கள் ஆலயத்துக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. வாசல் வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவோம். ஜெனிக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு எடுத்த புது ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆராதனை முடியும்வரை வாசலிலேயே உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு எந்த ஆலயத்திலும் அவள் அதை மறந்ததில்லை.

பெர்லினில் குளிர் தொடங்கியதும் போனில் சொன்னாள். "அம்மா, இங்க சர்ச்சுக்குள்ள எல்லாரும் பூட்ஸோடதான் போறாங்க. வெளிய கழட்டிப் போட்டா அதுக்குள்ள ஐஸுதான் ரொம்பும்."

நான் விட்டேனா? "ஊரு கழட்டலைன்னா நீயும் கழட்ட மாட்டியா? கடலத் தாண்டிட்டா ஆண்டவரு வேற ஆளாயிருவாரா? கழட்டிப் போட்டுட்டு உள்ள போ" என்றேன்.

பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர், "இந்தா, அங்க பனி கொட்டுதுன்னு பிள்ள சொல்லுதுல்ல. நம்மூரு வெயில்ல உக்காந்துக்கிட்டுச் சட்டம் போடாத" என்றார். நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை ஜெனிக்கு விடுமுறை. இரண்டு நாளாகக் கொட்டிய பனி ஓய்ந்திருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவள் வழியெல்லாம் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்பு அடித்ததுபோல் மரங்கள். மஞ்சள் நிற டிராம். ஒரு கார் கண்ணாடிப் பனியில் விரலால் 'மதுரை' என்று எழுதிவைத்திருந்தாள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே பார்த்துச் சிரித்தேன். நமக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும்போது கடைசிப் படம் வந்தது. ஒரு பழைய ஆலயத்தின் பெரிய மரக்கதவு. படியெல்லாம் பனி. ஓரத்தில் ஜோடியாக அவள் பூட்ஸ். "கழட்டிட்டேன். சந்தோஷமா?" என்று எழுதியிருந்தாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன்.

நான்கு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நான்கரைக்குப் போன் அணைந்திருந்தது. மறுபடி மறுபடி போட்டேன். ஐந்தே முக்காலுக்கு, அவளோடு அறையில் தங்கியிருக்கும் திண்டுக்கல் பெண் ரம்யாவைப் பிடித்தேன்.

"ஆன்ட்டி, ரெண்டு நாளா அவளுக்குக் காய்ச்சல். அம்மா பயப்படுவாங்க, சொல்லாதன்னு சொன்னா. மாத்திரையைப் போட்டுக்கிட்டு, வெயில் அடிக்குதுன்னு கிளம்பிட்டா. எந்த சர்ச்சுன்னு தெரியலையே ஆன்ட்டி, இங்க எம்புட்டு சர்ச்சு இருக்கு! அந்த போட்டோவ அனுப்புங்க, போலீஸ்ல குடுக்குறேன்."

அனுப்பினேன். அனுப்பும்போது அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் ஊருக்கெல்லாம் காட்டிய படம். பூட்ஸை யாராவது தூக்கிப் போயிருந்தால்? காய்ச்சலோடு வெறும் காலில் பனியில் நடந்து எங்காவது விழுந்து கிடந்தால்? கழட்டிட்டுப் போ என்று சொன்ன வாய் இந்த வாய்தானே. என் பிள்ளை திருமங்கலத்தில் இருந்திருந்தால் ஆட்டோ பிடித்து ஓடியிருப்பேன். பெர்லினுக்கு எப்படி ஓடுவேன்? அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? கையில் இருந்த போனைத் தவிர எனக்கு வேறு வழியே இல்லை. அதுவும் அடிக்கவில்லை.

ஆறரைக்கு வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். சொன்னேன். படத்தைக் காட்டினேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. கிரீஸ் கையைக் கழுவாமலே முழங்காலில் நின்றார். நானும் பக்கத்தில் விழுந்தேன்.

எனக்கு ஜெபம் வரவில்லை. இத்தனை வருடம் ஓயாமல் பேசிய வாய்க்கு ஒரு வாக்கியம் கூட வரவில்லை. "ஆண்டவரே, பிள்ள காலு... பிள்ள காலு..." இவ்வளவுதான். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஆண்டவர் கேட்கிறார் என்ற நிச்சயம்கூட அப்போது எனக்கு இல்லை.

ஏழேகாலுக்குப் போன் அடித்தது. வீட்டுக்காரர்தான் எடுத்தார்.

"அங்கிள், கெடச்சுட்டா! ஆஸ்பத்திரில இருக்கா, கண்ணு முழிச்சிட்டா!"

நடந்தது பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஆலயத்தின் மேல்மாடியைப் பார்க்க ஏறியவள் தலை சுற்றி பெஞ்சுகளுக்கு இடையில் விழுந்திருக்கிறாள். கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை அந்த ஆலயத்தை ஒரு மணிக்கே பூட்டிவிடுவார்களாம். நம் பக்கத்தில் கோயில்பிள்ளை என்போமே, ஆலயத்தைத் திறந்து பூட்டுகிறவர், அவர் கீழே ஒரு பார்வை பார்த்து, ஹீட்டரையும் விளக்கையும் அணைத்து, கதவைப் பூட்டிவிட்டார். இனி ஞாயிறு காலையில்தான் திறப்பார்.

திரும்பினால் படியில் ஒரு ஜோடி பூட்ஸ்.

அந்த ஊரில் ஆலய வாசலில் யாரும் எதையும் கழற்றிப் போடுவதில்லை. மனிதர் திகைத்து நின்றிருக்கிறார். இந்தக் குளிரில் பூட்ஸ் இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போயிருக்க முடியாது, அப்படியானால் இதற்குச் சொந்தக்காரர் உள்ளேதான் இருக்க வேண்டும். மறுபடி பூட்டைத் திறந்து, ஒவ்வொரு பெஞ்சாகத் தேடி, மாடிக்கு ஏறி, அவளைக் கண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் நெஞ்சில் சளி கட்டியிருந்ததாம். ஒரு ராத்திரி அங்கே கிடந்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்த டாக்டர், அந்தப் பேச்சை முடிக்கவில்லையாம்.

பார்த்தீர்களா, என் சட்டம்தான் காப்பாற்றியது என்று சொல்ல எனக்கும் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையைச் சில்லென்ற கல்தரையில் நடக்கவைத்ததும் அதே சட்டம்தான். பிடிவாதம் என்னுடையது. அதையும் வீணாக்காமல் எடுத்துக்கொண்ட இரக்கம் ஆண்டவருடையது.

நீங்கள் ஜெபித்த அதே நிமிஷத்தில் அந்தக் கோயில்பிள்ளை பூட்ஸைப் பார்த்தாரா என்று சபையில் கேட்கிறார்கள். இல்லை. கணக்கு டீச்சர் அல்லவா, நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அங்கே ஒரு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை. நான் முழங்காலில் விழுந்தது ஆறரைக்கு. நான் இங்கே "பிள்ள காலு" என்று கதறியபோது, என் பிள்ளையின் காலுக்கு ஆஸ்பத்திரியில் கம்பளி போர்த்தி முடித்திருந்தார்கள். அது தெரிந்த அன்று நான் அழுத அழுகையை ஜெனி விழுந்த அன்றுகூட அழவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டவருக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதை விட்டுவிட்டேன். கேட்கிறேன், சும்மாவும் இருக்கிறேன். ஜெனி குணமாகி, அந்த மனிதருக்கு நன்றி சொல்ல அதே ஆலயத்துக்குப் போனாள். வாசலில் நின்று போன் போட்டாள். "அம்மா, இப்ப கழட்டவா, வேணாமா?"

"போட்டுக்கிட்டே போ தாயி" என்றேன்.

கதவைத் திறந்தவள் சிரித்தாள். உள்பக்கம், கதவோரமாக, அவர் ஒரு ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டிருந்தார், அவள் பூட்ஸை வைப்பதற்காக.

இதை வாசிக்கிற உங்களில் யாருடைய பிள்ளையாவது இப்போது தூர தேசத்தில் போன் எடுக்காமல் இருக்கலாம். உங்களுக்கும் ஜெபம் வராமல் இருக்கலாம். வருகிற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், அது போதும். நீங்கள் முழங்காலில் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, அங்கே யாரோ ஒருவர் பூட்டிய கதவை மறுபடி திறந்திருப்பார்.