குரல்கள் இருந்த ஃபோல்டர்

எங்கள் இணையதளம் படுத்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, என்னோடு சேர்ந்து அதை நடத்தும் தோழியும் இல்லை. வேப்பம்பட்டிலிருந்து எதிர்வீட்டு அத்தை போன் செய்தார்.

"மக்களே, ஒங்க சைட்டு தொறக்கவே மாட்டேங்கு. வெள்ளையா நிக்குது. மாமாவுக்கு வெள்ளம் கேக்க முடியல பாத்துக்கோ."

பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவை மூடி வைத்துவிட்டு போனில் தளத்தைத் திறந்து பார்த்தேன். அத்தை சொன்னது சரிதான். எழுத்து இல்லை, படம் இல்லை, பிழை என்று ஒரு வரிகூட இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு பக்கம். ஆனால் தளம் திறக்காததற்கும் மாமா தண்ணீர் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

எதிர்வீடு என்பது பழைய கணக்கு. ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் நான் வளர்ந்தபோது அவர்கள் எங்களுக்கு எதிர்வீடு. மாமா ஓய்வு பெற்றபின் வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். நான் கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தேன். எதிர்வீடு என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அந்தக் குடியிருப்பில் ஒரே தெருவில் ஏழெட்டு மாவட்டத்துத் தமிழ் பேசுவார்கள். எங்கள் வீட்டில் துடைப்பம். ஈரோட்டுக்காரர்கள் வீட்டில் அதுவே சீமாறு. எதிர்வீட்டில் வாரியல். மாமாவுக்குக் கேரள எல்லையை ஒட்டிய ஊர். அவர் வீட்டில் தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வெள்ளம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிடும்போது கட்டிலுக்கு மேல் சாமான்களை ஏற்றி வைக்கிற விஷயம். சிறு வயதில், அந்த வீட்டில் எல்லோரும் தினமும் வெள்ளம் குடிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

இப்படிச் சேர்ந்த சொற்களுக்காகத்தான் நானும் தோழியும் அந்தத் தளத்தைத் தொடங்கினோம். அவள் குடியிருப்புக்கு வெளியே, ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னோடு பள்ளியில் படித்தவள். இப்போது மாநகரப் பேருந்தில் கண்டக்டர். ஒரு நாளில் அவள் காதில் விழுகிற தமிழ் வேறு யார் காதிலும் விழாது. புதுச் சொல் ஒன்று கிடைத்தால் டிப்போவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நான் அந்தச் சொல்லைத் தளத்தில் ஏற்றுவேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் அந்த ஊர்க்காரர் ஒருவரே அதைச் சொல்வார். தளத்தில் அதிகமாகப் பேசியவர் எதிர்வீட்டு மாமாதான். அவர் தொண்டையில் ஆபரேஷன் ஆவதற்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பதிவு செய்தேன். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன்பின் போனில் எழுதிக் காட்டித்தான் பேசுகிறார்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தளத்தின் உள்பக்கத்தில் 'எல்லாவற்றையும் புதுப்பி' என்று இருந்ததை அழுத்திவிட்டு வந்திருந்தேன். அதில் ஏதோ இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. தளத்துக்கு இடம் கொடுக்கும் நிறுவனத்தின் சாட்டில் போய்ச் சொன்னேன்.

"உங்களிடம் பேக்கப் இருக்கிறதா, மேடம்?" என்று எதிர்ப்பக்கம் கேட்டது.

"இல்லை. நீங்கள் வைத்திருக்க மாட்டீர்களா?"

"எங்களிடம் சில நாட்களுக்கு முந்தைய பிரதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுத் தருகிறோம். ஆனால் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்களே தானாக எடுக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது."

மாலைக்குள் தளம் எழுந்துவிட்டது. கடைசியாக ஏற்றிய சில சொற்கள்தான் போயின. தோழியின் போனில் அவை இருந்தன. ஆனாலும் அத்தை சொன்ன வாக்கியம் என்னை விடவில்லை. அந்த வாரக் கடைசியில் தோழிக்கு லீவு. இருவரும் ஆவடியில் ரயிலேறி வேப்பம்பட்டில் இறங்கினோம்.

மாமா ஹாலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்திச் சிரித்தார். பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தினார்.

"சாயா," என்றது போன். அவருடைய குரல்.

"போட்டுட்டுதான் இருக்கேன்!" என்று அடுக்களையிலிருந்து அத்தை பதில் சொன்னார்.

தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாமா அடுத்து இன்னொன்றை அழுத்தினார். "வெள்ளம்." அத்தை இரண்டு தம்ளர் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாராம்.

"எழுதினா வாசிச்சுச் சொல்ற ஆப்பு ஒண்ண மக போட்டுக் குடுத்தா," என்றார் அத்தை. "எனக்கு அது ஒத்து வரல. நியூஸ் வாசிக்கிறவன் ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்த மாதிரி இருந்துச்சு."

மாமா வேகமாக எழுதி என்னிடம் காட்டினார். 'தண்ணீர் தேவைப்படுகிறது என்கிறான் அவன். நான் என்னைக்கு அப்படிக் கேட்டேன்?'

"உங்களைக் கூப்பிடணும்னா என்ன பண்ணுவார், அத்தை?" என்று கேட்டேன். நாங்கள் பதிவு செய்தவை எல்லாம் பொருள்களின் பெயர்கள். ஆட்களைக் கூப்பிடும் சொல் எதுவும் அதில் இல்லை.

அத்தை முகத்தைச் சுளித்தார். "வாரியல்னு அழுத்துவாரு. அதுதான் இருக்கறதுலயே சத்தமா இருக்காம்."

தோழி சிரித்த சிரிப்பில் தம்ளர் தண்ணீர் தரையில் சிந்தியது. மாமாவும் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம்தான் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் இப்போது எங்கே இருக்கிறது? பதிவு செய்த என் பழைய போனைக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்கினேன். மாமாவின் போனில் எதுவும் இல்லை, அவர் தளத்தைத் திறந்துதான் அழுத்துகிறார். உலகத்தில் ஏதோ ஒரு கட்டடத்தில் ஏதோ ஒரு கணினியில் மட்டும் அது இருக்கிறது. அந்தக் கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் 'எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது' என்பதுதான்.

மறுநாளே தானியங்கி பேக்கப்புக்கான ஒரு செருகுநிரலைத் தளத்தில் சேர்த்தேன். எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எந்த நேரம், பிரதியை எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டது. தினமும், விடியற்காலை, இணையத்தில் எனக்கு இருந்த சேமிப்பிடத்துக்கு என்று கொடுத்தேன். பழைய பிரதிகளில் எத்தனையை வைத்திருக்கலாம் என்றும் கேட்டது. அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தவறு நடந்து, அது பல நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டால், நேற்றைய பிரதியிலும் அதே தவறுதானே இருக்கும்? அதனால் நிறையவே வைக்கச் சொன்னேன். கடைசியில் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று ஒரு கட்டம். 'டேட்டாபேஸ்' என்பதில் முன்பே டிக் இருந்தது. அடிப்படை என்றால் அதில் எல்லாமும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு சேமித்துவிட்டேன்.

காலையில் எழுந்தபோது 'பேக்கப் வெற்றி' என்று மின்னஞ்சல் வந்திருந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பால் பாக்கெட் மாதிரி தினமும் வாசலில் வந்து கிடப்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து பூந்தமல்லியில் ஏறினேன். தோழியின் வண்டி. கூட்டம் குறைந்த ஒரு இடைவெளியில் என் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, அந்தக் காப்பி எடுக்கறது நடந்துகினு கீதா?"

"தினமும் வருது. வெற்றின்னு மெயில் வருது."

"தொறந்து பாத்தியா?"

"எதை?"

"அதுக்குள்ள இன்னா கீதுன்னு. மெயில் வரும்டி. பொட்டி காலியா கீறது மெயிலுக்குத் தெரியுமா?" என்றவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "உள்ள போ நைனா, உள்ள அவ்ளோ எடம் கீது!"

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பிரதியை லேப்டாப்பில் இறக்கினேன். எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்தது. நோட்பேடில் திறந்தேன். எண்கள், அடைப்புக்குறிகள், மேற்கோள் குறிகள் வரிவரியாக ஓடின. அவற்றுக்கு நடுவே திடீர் திடீரென்று தமிழ். சீமாறு. வாரியல். எப்போதோ யாரோ எழுதிய கருத்து ஒன்று. நான் பாதியில் விட்ட ஒரு குறிப்பு. விளம்பரக் குப்பை என்று நான் ஒதுக்கியவையும் அப்படியே இருந்தன. தளத்தை எப்போதும் முன்பக்கத்திலிருந்தே பார்த்தவளுக்கு இது தறியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் படித்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மாமாவின் 'வெள்ளம்' இருந்த வரிக்கு வந்தேன். அங்கே ஒலி இல்லை. ஒலிக்கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும் இருந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, இடம் கொடுக்கும் நிறுவனம் சோதனைக்கென்று தரும் ஒரு வெற்றுத் தளத்தில் அந்தப் பிரதியைப் போட்டுப் பார்த்தேன். எல்லாச் சொற்களும் வந்துவிட்டன, பொருள்களும் ஊர்களும் வந்துவிட்டன. பட்டன்களும் இருந்தன. அழுத்தினால் மௌனம். வாரியல், மௌனம். சாயா, மௌனம். தினமும் வெற்றி வெற்றி என்று வந்துகொண்டிருந்ததில் மாமாவின் குரல் ஒரு முறைகூட இல்லை. தளம் இன்னொரு முறை வெள்ளையாகியிருந்தால், மௌனத்தைத்தான் மீட்டிருப்பேன்.

எழுத்து ஒரு இடத்திலும் ஒலியும் படமும் வேறொரு இடத்திலும் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் 'ஃபைல்கள்' என்பதிலும் டிக் போட்டு, உடனே ஒரு பிரதி எடுக்கச் சொன்னேன். அது வந்து சேர வெகுநேரம் பிடித்தது. பெரியது. பிரித்துப் பார்த்தபோது, குரல்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் வரிசையாக இருந்தன. ஆனால் மாமாவின் பெயரில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகக் கோப்புகள். சில மிக நீளம்.

நீளமான ஒன்றைத் திறந்தேன். 'வாரியல்' என்றார் மாமா. சற்று நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு, "கேக்குதா மக்களே? இன்னொரு தடவ சொல்லட்டா?" அப்புறம் என் குரல், ஏதோ பதில். அதன்பின் தூரத்தில் காக்கை. "ஏட்டி, அந்தக் கதவச் சாத்து, காக்கா உள்ள வருது!"

அத்தையை அவர் 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். நினைவு வந்தது. முதலில் பதிவுகளை முழுசாக ஏற்றியிருந்தேன். பிறகு சொல்லை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக ஏற்றினேன். முழுப்பதிவுகளைத் தளத்தில் யாருக்கும் காட்டவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை. அவை அங்கேயே கிடந்திருக்கின்றன.

அடுத்த ஞாயிறு லேப்டாப்போடு வேப்பம்பட்டுக்குப் போனோம். எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாமாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஒவ்வொன்றாகப் போட்டேன். அவர் முதலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு கையைக் காட்டி நிறுத்தச் சொல்வதும், மறுபடி போடச் சொல்வதுமாக மதியம் முழுக்கப் போயிற்று. தோழி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையாட்டும் இடங்களைச் சொல்லச் சொல்ல, நான் வெட்டினேன். 'சரி, போதும்.' 'அது எனக்கு எப்படித் தெரியும்?' 'சும்மா இரி.' ஒரு இடத்தில் வெறும் சிரிப்பு. அதையும் வேண்டும் என்றார்.

எல்லாவற்றையும் அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். இனி தளம் விழுந்தாலும் அவருக்குக் கவலையில்லை. முதலில் எதை அழுத்துவது என்று அவர் சற்று யோசித்தார்.

"ஏட்டி, அந்தக் கதவச் சாத்து, காக்கா உள்ள வருது!"

அடுக்களையிலிருந்து அத்தை விறுவிறுவென்று வந்து பின்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் போட்டார். போட்ட பிறகுதான் கை அப்படியே நின்றது. திரும்பி மாமாவைப் பார்த்தார். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு அந்த வாரியலே நல்லாருந்துச்சு," என்றார்.

மாமா வேறொரு பட்டனை அழுத்தினார். "சும்மா இரி," என்றது போன்.

அதன்பிறகு நாங்கள் பதிவு செய்யும் முறை மாறிவிட்டது. சொல்லைச் சொன்னதும் நிறுத்துவதில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசட்டும் என்று ஓடவிடுகிறோம். மாதம் ஒருமுறை கடைசிப் பிரதியைச் சோதனைத் தளத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அழுத்திப் பார்க்கிறோம். ஒரு பிரதி தோழியின் வீட்டு அலமாரியில் ஒரு பென்டிரைவில் இருக்கிறது.

அப்படி ஒரு சோதனையின்போதுதான் தோழி கேட்டாள்.

"ஏன்டி, இம்மாம் பேரு பேசறாங்கோ. நா எங்கடி கீறேன்?"

தேடிப் பார்த்தேன். அவள் அனுப்பிய சொற்கள் நிறைய இருந்தன. அவள் குரல் ஓரிடத்திலும் இல்லை. பயணிகள் சொன்னதை அவள் என்னிடம் சொல்வாள், நான் அந்தந்த ஊர்க்காரரைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்வேன். ஆவடித் தமிழைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

போனை அவள் முன்னால் வைத்துப் பதிவை ஓடவிட்டேன். நாள் முழுக்கக் கத்துகிறவள், பேசு என்றதும் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இன்னா சொல்றது?"

"எதையாவது சொல்லு."

"எதையாவதுன்னா? ஊட்டாண்ட பேசறதா, வண்டில பேசறதா?"

"ரெண்டும்தான்."

"தோ பாரு, அது ஓடிகினு கீது. நிறுத்துடி. யோசிச்சுகினு சொல்றேன்."

நான் நிறுத்தவில்லை.